மதுரையில் முதல் வீடு: குறைந்த வருமானக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டு நிறுவனத்துக்குப் போனால் வீடு வாங்கப் பணம் தருவார்களா?

பெரும்பாலும் தரமாட்டார்கள். அந்த எதிர்பார்ப்போடு போனால் முதல் நாளே ஏமாற்றமாக இருக்கும். அவர்களிடம் கிடைப்பது வேறு உதவி. வரவு செலவைப் பார்த்து எத்தனை லட்சத்துக்குள் வீடு தேடலாம் என்று கணக்குப் போட்டுத் தருவார்கள். சேமிப்பை வங்கி வழியாக ஓட வைப்பார்கள். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை எடுத்துப் பிரித்துச் சொல்வார்கள். பத்திரங்களை வக்கீலிடம் காட்டுவார்கள், வங்கி மனுவையும் மானிய விண்ணப்பத்தையும் பிழையில்லாமல் நிரப்ப உதவுவார்கள். கடன் மறுக்கப்பட்டால் என்ன காரணம் என்று வங்கியில் போய்க் கேட்டு வருவார்கள்.

பணமாகவே கிடைக்கிற இடம் என்றால் சேமிப்புக் குழுக்கள்தான். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு 1997 முதல் இயங்கும் தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் குழுக்கள் அப்படிப்பட்டவை. அங்கும் முதலில் உறுப்பினராகிச் சேமிக்க வேண்டும், பிறகுதான் கடன். குழுக் கடன் ஒரு முழு வீட்டுக்குப் போதாது. ஆனால் கூரை ஓடுகளை மாற்ற, கழிப்பறை கட்ட, முன்பணத்தில் குறைகிற தொகையைச் சரிக்கட்ட அது கந்துவட்டியைவிட எவ்வளவோ மேல்.

எப்போது போக வேண்டும்?

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால். இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்க நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

உதவி கேட்டு வருகிறவர்களில் பலர் டோக்கன் கொடுத்துவிட்டு, "பத்திரம் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்று வருகிறார்கள். அதற்குள் ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ கை மாறியிருக்கும். பத்திரத்தில் ஓட்டை இருக்கிறது என்று வக்கீல் சொன்னாலும், கொடுத்த பணம் போய்விடுமே என்ற பயத்தில் மனம் அதைக் கேட்காது. புரோக்கரும் "இன்னும் ரெண்டு பார்ட்டி கேட்டுக்கிட்டு இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பத்திர நகல்களைப் பார்க்கப் பத்து நாள் போதும். அந்தப் பத்து நாளைத் தராத விற்பனையாளர் எதையோ மறைக்கிறார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வீடு பார்க்கத் தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்பே போனால் இன்னும் நல்லது. ரேஷன் கார்டு, குடும்பத்தார் அனைவரின் ஆதார், பான் கார்டு, ஒரு வருட வங்கி பாஸ்புக், நடப்பிலுள்ள எல்லாக் கடன்களின் ரசீதுகள், நகை அடகுச் சீட்டு, சீட்டுப் பணம் கட்டும் நோட்டு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கைமாற்றாக வாங்கிய பணத்தையும் சொல்லிவிடுங்கள். அதை மறைத்துப் போடுகிற கணக்கு நாலாவது மாதமே கவிழ்ந்துவிடும்.

எங்கள் வருமானத்துக்கு எவ்வளவு விலையில் வீடு பார்க்கலாம்?

கையோடு வைத்துக்கொள்ள ஒரு சின்னக் கணக்கு: 9 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் என்றால், லட்சத்துக்கு மாதம் சுமார் 900 ரூபாய் தவணை. 15 வருடம் என்றால் 1,014. வட்டி 12 சதவீதமானால் 20 வருடத்துக்கு 1,101. 14 சதவீதமானால் 1,244.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். கணவர் ஆட்டோ ஓட்டி மாதம் 17,000, மனைவி ரெடிமேட் தையலில் 10,000, மொத்தம் 27,000. 11.2 லட்சம் கடன் வாங்கினால் தவணை சுமார் 10,080. வருமானத்தில் 37 சதவீதம். பாதி வருமானம் வரை தவணைக்குப் போகலாம் என்று கணக்கிட்டு அதற்கு மேலும் கடன் தரத் தயாராக இருக்கும் நிறுவனங்கள் உண்டு. நாற்பதைத் தாண்ட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

வருமானத்தைச் சராசரியாகப் போடாதீர்கள். கடந்த ஒரு வருடத்தில் மிகக் குறைவாக வந்த மாதம் எது என்று பாருங்கள். தீபாவளிக்கு முந்தைய தையல் வேலையும் சித்திரைத் திருவிழா சவாரியும் பன்னிரண்டு மாதமும் வராது. ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் வரும். மோசமான மாதத்தில் வருமானம் 20,000தான் என்றால் 10,000 தவணை என்பது சரிபாதி. அந்தக் குடும்பம் இன்னும் விலை குறைந்த வீட்டைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் முன்பணத்தை அதிகமாகச் சேர்க்க வேண்டும்.

முடியுமா முடியாதா என்று வாயால் வாதாடுவதைவிட ஒத்திகை பார்த்துவிடலாம். இப்போது வாடகை 5,000, வரப்போகும் தவணை 10,000 என்றால், வித்தியாசமான 5,000-ஐ ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி ரெக்கரிங் டெபாசிட்டில் ஆறு மாதம் போடுங்கள். ஒரு மாதம்கூடத் தவறாமல் போட முடிந்தால் தவணையும் கட்ட முடியும். இரண்டு மாதம் விட்டுப்போனால் அது வீட்டு விலையைக் குறைக்கச் சொல்லும் எச்சரிக்கை. ஆறு மாத முடிவில் கையில் 30,000 இருக்கும், வங்கிக்குக் காட்ட ஒழுங்கான கணக்கும் இருக்கும்.

வங்கி 90 சதவீதம் தரும் என்கிறார்களே, மீதி 10 சதவீதம் இருந்தால் போதாதா?

போதாது. வீட்டுக் கனவு உடைகிற இடம் பெரும்பாலும் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி வைத்த உச்ச வரம்பு. கட்டாயம் அவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. பழைய வீடு, சம்பளச் சீட்டு இல்லாத வருமானம் என்றால் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது சாதாரணம்.

14 லட்சம் ரூபாய் வீடு என்று வைத்துக்கொள்வோம். 80 சதவீதம் 11.2 லட்சம் கடன். கையிலிருந்து 2.8 லட்சம். அதற்கு மேல் பதிவுச் செலவு. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். 14 லட்சத்துக்கு 1.26 லட்சம். வங்கி வக்கீல் கட்டணம், பொறியாளர் மதிப்பீடு, பிராசசிங் கட்டணம், பத்திர எழுத்தர் கூலி, கடனுக்காகப் பத்திரத்தை ஒப்படைக்கும் ஆவணத்தைப் பதியும் செலவு ஆகியவற்றுக்கு 30,000 ஒதுக்குங்கள். மூன்று மாதத் தவணையைத் தனியாக வைக்க இன்னொரு 30,000. ஆக மொத்தம் 4.66 லட்சம். விலையில் மூன்றில் ஒரு பங்கு.

சொத்து மதிப்பு 10 லட்சத்துக்கு மேல் போனால், பதிவுச் செலவை வங்கி வீட்டு விலையோடு சேர்த்துக் கணக்கிட முடியாது. 10 லட்சத்துக்குள் இருந்தால் சேர்க்க அனுமதி உண்டு. கேட்டால்தான் செய்வார்கள், கேளுங்கள்.

இன்னொரு பள்ளம் இருக்கிறது. பேசிய விலையும் வங்கிப் பொறியாளர் போடும் மதிப்பும் ஒன்றாக இருக்காது. இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் கடன். மேற்சொன்ன வீட்டுக்குப் பொறியாளர் 12.5 லட்சம் எழுதினால் கடன் 10 லட்சமாகிவிடும். பதிவுக்குப் பத்து நாள் இருக்கும்போது 1.2 லட்சம் துண்டு விழும். அட்வான்ஸை விட்டுவிட மனம் வராமல் அந்த 1.2 லட்சத்துக்காகக் கந்துவட்டிக்குப் போன குடும்பங்கள், வீட்டைக் கட்டிக் காப்பாற்றுவதற்குள் நொந்து போகின்றன. அதனால்தான் விலை பேசும்போதே, வங்கியின் மதிப்பீடு வந்த பிறகே அட்வான்ஸ் என்று பேச வேண்டும்.

நாங்கள் ஒத்திக்கு இருக்கிறோம். அந்தப் பணத்தை முன்பணமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளலாம், கைக்கு வந்த பிறகு. மதுரையில் மூன்று லட்சம், ஐந்து லட்சம் என்று ஒத்திக்குக் கொடுத்துக் குடியிருக்கும் குடும்பங்கள் ஏராளம். வீட்டுக்காரர் அந்தப் பணத்தை எப்போதோ செலவழித்திருப்பார். அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் உங்களுக்குத் திருப்பித் தர முடியும் என்பார். அதற்கு மூன்று மாதமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம்.

ஒத்திப் பத்திரத்தில் என்ன கெடு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். காலி செய்வதை எழுத்தில் தெரிவித்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். புது வீட்டின் அக்ரிமென்ட் கெடுவை ஒத்திப் பணம் வரும் தேதிக்குப் பிறகு வருமாறு வையுங்கள். பணம் முழுவதும் வருவதற்கு முன் சாவியைக் கொடுக்காதீர்கள்.

நகை, சீட்டு?

நகையை அடகு வைத்து முன்பணம் கட்டினால், வீட்டுத் தவணையோடு நகை வட்டியும் சேர்ந்து ஓடும். வருமானத்தில் நாற்பது சதவீதம் என்று போட்ட கணக்கு அங்கேயே உடையும். மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும், வீட்டுக்காக என்று முடிவெடுத்தால் ஒரு பகுதியை விற்றுவிடுவதே நல்லது. சீட்டு என்றால், 1982-ஆம் ஆண்டுச் சிட்பண்ட் சட்டப்படி பதிவு செய்த நிறுவனம்தானா என்று பாருங்கள். தெருவில் நடக்கும் சீட்டையும் தீபாவளிப் பண்டையும் நம்பிப் பதிவு நாள் குறிக்காதீர்கள்.

சம்பளச் சீட்டு கிடையாது. பூக்கடை, ஆட்டோ, கட்டட வேலை. கடன் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் வருமானம் வங்கியின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தினமும் வரும் பணத்தில் ஒரு பகுதியையாவது கணக்கில் போட்டு எடுங்கள். மாட்டுத்தாவணியில் பூ வாங்கி விற்பவரானாலும் க்யூஆர் அட்டை வைத்து வசூலித்தால் பன்னிரண்டு மாதத்தில் அதுவே சான்றாகிவிடும். சிறு தொழில் செய்பவர்கள் மத்திய அரசின் சிறுதொழில் பதிவான உத்யம் பதிவைச் செய்துகொள்ளலாம், அதற்குக் கட்டணம் இல்லை. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து வையுங்கள். இரண்டு வருடக் கணக்கு இருந்தால் பொதுத்துறை வங்கியின் கதவு திறக்கும், வட்டியும் குறையும்.

இதெல்லாம் இல்லாதவர்களுக்கும் வீட்டுவசதி நிதி நிறுவனங்கள் நேரில் வந்து தொழிலைப் பார்த்துக் கடன் தருகின்றன. வட்டி அதிகம். 10 லட்சத்தை 20 வருடத்தில் 9 சதவீதத்தில் கட்டி முடித்தால் மொத்தம் சுமார் 21.6 லட்சம் ஆகும். 12 சதவீதத்தில் 26.4 லட்சம். கிட்டத்தட்ட ஐந்து லட்சம் வித்தியாசம். ஒரு வருடம் பொறுத்துச் சான்றுகளைச் சேர்த்துக்கொண்டு வங்கிக்குப் போவது லாபமா என்பதை இந்த எண்ணை வைத்து முடிவு செய்யுங்கள்.

கடனோடு காப்பீட்டையும் சேர்த்துக் கொடுத்து, அந்தப் பிரீமியத்தைக் கடன் தொகையிலேயே ஏற்றிவிடுவதும் நடக்கிறது. குடும்பத் தலைவருக்குக் காப்பீடு இருப்பது நல்லதுதான், நாங்களும் அதைத்தான் சொல்வோம். ஆனால் அந்த நிறுவனத்தின் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. வெளியில் தனியாக டேர்ம் பாலிசி விலையையும் விசாரியுங்கள்.

மகளிர் குழுக் கடன் சிபிலில் வருமா?

நுண்கடன் நிறுவனங்கள் தரும் குழுக் கடன் ஒவ்வொரு உறுப்பினர் பெயரிலும் வருகிறது. ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனும் வரும். கட்டி முடித்த பைக் கடன் இன்னும் நிலுவை என்று காட்டுவது அடிக்கடி பார்க்கிற பிழை. சிபில் போன்ற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்திடமும் வருடம் ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாக வாங்கலாம். பிழை இருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்திடம் நோ டியூ சான்று வாங்கித் திருத்தச் சொல்லுங்கள். இதற்கு ஓரிரு மாதம் பிடிக்கும் என்பதால் வீடு பார்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். ஒரே வாரத்தில் ஐந்து இடத்தில் கடனுக்கு மனுப் போட்டால் மதிப்பெண் இறங்கும்.

அரசு மானியம் என்னென்ன உண்டு?

நகர்ப்புறத்துக்கு: பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம், 1.9.2024 முதல். அதில் வட்டி மானியப் பிரிவு வீடு வாங்குகிறவர்களுக்கானது. ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கடனில் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம், அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து வருடத் தவணைகளாகக் கடன் கணக்கில் வரவு வைக்கப்படும். கையில் பணமாக வராது, முன்பணத்துக்கும் உதவாது. ஆகவே 4.66 லட்சக் கணக்கிலிருந்து இதைக் கழித்துவிடாதீர்கள். கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள் யார் பெயரிலும் இந்தியாவில் எங்கும் கல் கட்டட வீடு இருக்கக் கூடாது. கடன் தரும் நிறுவனம் இந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்பதை மனுப் போடும்போதே கேளுங்கள்.

சொந்த மனை வைத்திருக்கும் 3 லட்சத்துக்குட்பட்ட வருமானக் குடும்பங்களுக்கு, தாங்களே கட்டிக்கொள்ள அதே திட்டத்தில் இன்னொரு பிரிவு உண்டு. மத்திய அரசின் பங்கு 1.5 லட்சம், அதோடு மாநிலப் பங்கு. வேலை முன்னேற முன்னேறத் தவணையாக வரும்.

ஊராட்சிப் பகுதியில் குடிசையில் இருந்தால் கலைஞரின் கனவு இல்லம். 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி வீடு, அதில் குறைந்தது 300 சதுர அடி கான்கிரீட் கூரை. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் எல்லாம் நகராட்சிகள், அங்கே நகர்ப்புறத் திட்டம். அவற்றைச் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்குத்தான் இது. உங்கள் தெரு எந்த எல்லைக்குள் வருகிறது என்பதை வரி ரசீதைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்கு வீட்டுக்காக 4 லட்சம் வரை உதவித் திட்டம் இருக்கிறது. வாரியப் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டதால் இதை இழப்பவர்கள் உண்டு, அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

பத்திரத்தில் எதைப் பார்க்க வேண்டும்? வக்கீல் பார்த்தால் போதாதா?

வக்கீல்தான் பார்க்க வேண்டும். ஆனால் அவர் பார்ப்பது நீங்கள் கொடுக்கும் தாள்களை. சுவரையும் அளவையும் அக்கம்பக்கத்தையும் நீங்கள்தான் பார்த்தாக வேண்டும்.

விற்பவரிடம் நகல் கேட்க வேண்டியவை: அவருடைய கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள், பட்டா, புல வரைபடம், கட்டட அனுமதி, வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டை, இறந்தவர் வழியாக வந்த சொத்தானால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும். சொத்தின் மீது பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றை அவரிடம் வாங்காதீர்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் நீங்களே எடுங்கள், பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. முப்பது வருடத்துக்காவது போட்டுப் பாருங்கள்.

வில்லங்கத்தில் பத்திரங்கள் சங்கிலிபோல் தொடர வேண்டும். தாய்ப்பத்திரத்தில் வாங்கியவர் பெயர் அடுத்த பத்திரத்தில் விற்றவராக வர வேண்டும். இடையில் ஒரு கண்ணி இல்லாவிட்டால் நிறுத்திக் கேளுங்கள். உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு என்று ஒரு பதிவு இருந்தால் அந்தச் சொத்து எப்போதோ வங்கியில் வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு நேராகப் பின்னால் கடன் தீர்ந்ததைக் காட்டும் ரசீது ஆவணம் பதிவாகியிருக்கிறதா பாருங்கள். ரசீது இல்லை என்றால் கடன் இன்னும் நிற்கலாம். பதிவு செய்யாத அக்ரிமென்ட்டும் கோர்ட் வழக்கும் வில்லங்கத்தில் தெரியாமல் போகலாம். அதற்குத்தான் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது.

அளவு. பத்திரத்தில் கிழமேல் 30 அடி, தென்வடல் 40 அடி என்றிருக்கிறது என்று வையுங்கள். 1,200 சதுர அடி, 435.6-ஆல் வகுத்தால் இரண்டே முக்கால் சென்ட். பட்டாவில் இது 111 சதுர மீட்டருக்கு மேல் காட்ட வேண்டும். டேப்பைப் பிடித்து அளந்தால் கிழமேல் 27 அடிதான் வருகிறது. பக்கத்து வீட்டுச் சுவர் உள்ளே வந்திருக்கும், அல்லது முன்னால் பாதைக்கு விட்டிருப்பார்கள். 120 சதுர அடி இல்லை. வங்கிப் பொறியாளர் 1,080-ஐத்தான் எழுதுவார், விற்பவர் 1,200-க்கு விலை சொல்லிக்கொண்டிருப்பார். நான்கு பக்கமும் அளந்து, செக்குபந்தியில் (பத்திரத்தில் நான்கு எல்லைகளைச் சொல்லும் பகுதியில்) எழுதியிருக்கும் பெயர்காரர்கள்தான் பக்கத்தில் இருக்கிறார்களா என்று கேட்ட பிறகு விலை பேசுங்கள்.

பாகம். அப்பா உயில் எழுதாமல் இறந்த சொத்தை அண்ணன் தம்பி மட்டும் சேர்ந்து விற்பது இங்கே இன்னும் நடக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகள்களுக்குச் சம பங்கு, மனைவிக்கும் உண்டு. இறந்தவரின் தாயார் அப்போது உயிரோடிருந்தால் அவருக்கும் பங்கு உண்டு. இதைத்தான் அதிகமாக மறந்துபோகிறார்கள். சீர் செய்து அனுப்பிவிட்டோம் என்பது சட்டத்துக்குப் பதிலாகாது. எல்லா வாரிசும் கிரயத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது பங்கை விட்டுக்கொடுத்ததாகப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். மைனர் பங்கை விற்கக் கோர்ட் அனுமதி தேவை.

பவர் பத்திரம் வழியாக விற்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் பாருங்கள். அவர் இறந்த அன்றே பவர் செத்துவிடும்.

விலை குறைந்த மனை, "பஞ்சாயத்து அப்ரூவல்" என்கிறார்கள். வாங்கலாமா?

ஊராட்சித் தலைவர் கையெழுத்து மனைப்பிரிவு அனுமதி ஆகாது. நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் எண்ணும் வரைபடமும் வேண்டும். பழைய அனுமதியற்ற மனைப்பிரிவென்றால், 20.10.2016-க்குள் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த வழி வந்தது. அந்த வரன்முறை உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டும் இல்லாத மனைக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது, வீடு கட்ட அனுமதியும் சிக்கல்.

எட்டு மனைக்கு மேலோ 500 சதுர மீட்டருக்கு மேலோ உள்ள புதிய திட்டமானால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணைக் கேளுங்கள். கோயில் நிலம், வக்பு நிலம், பட்டியல் சாதி மக்களுக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலம் ஆகியவற்றை எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் தொடாதீர்கள். இலவச மனைப் பட்டாவாக அரசு கொடுத்த இடத்துக்கு விற்பனை நிபந்தனை உண்டு, பட்டாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

மதுரையைச் சுற்றிக் கண்மாய்கள் சங்கிலியாக இருக்கின்றன. கண்மாய் நிரம்பி மறுகால் பாயும் வழியில் மனை போட்டிருந்தால் கோடையில் அது சமதரையாகத்தான் தெரியும். 2024 அக்டோபர் மழையில் பந்தல்குடி கால்வாய் நிரம்பிச் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததை ஊரே பார்த்தது. கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டிலும் புல வரைபடத்திலும் பக்கத்துச் சர்வே எண் ஓடையா, வாய்க்காலா, கண்மாயா என்று பாருங்கள். முடிந்தால் ஐப்பசி கார்த்திகையில் இடத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அட்வான்ஸ் எப்படிக் கொடுப்பது?

வங்கி வழியாக மட்டும். அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, அபராதம் வாங்குகிறவருக்கு. அக்ரிமென்ட்டைப் பதிவு செய்யுங்கள். அதில் இரண்டு வரி கட்டாயம் இருக்கட்டும்: "வங்கிக் கடன் மறுக்கப்பட்டாலோ, சொத்தின் உரிமையில் குறை காணப்பட்டாலோ, பெற்ற முன்பணம் முழுவதையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தர எழுதிக் கொடுப்பவர் கட்டுப்பட்டவர்." கெடு மூன்று மாதமாவது இருக்க வேண்டும். ஒரு மாதக் கெடுவில் வங்கி வேலை முடியாது.

பத்திரத்தில் அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை மட்டும் எழுதி மீதியைக் கையில் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எழுதாத தொகைக்குக் கடன் வராது, பிரச்சினை வந்தால் கோர்ட்டில் நிரூபிக்கவும் முடியாது.

பெண் பெயரில் வாங்கினால் சலுகை உண்டா?

உண்டு. 1.4.2025 முதல், 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். 10 லட்சத்துக்கு 10,000 ரூபாய் மிச்சம். சலுகை இல்லாவிட்டாலும் மனைவி பெயரையாவது சேர்த்து வாங்குங்கள் என்பதே எங்கள் ஆலோசனை. முன்பணத்தில் அவருடைய நகை போயிருக்கும், தவணையில் அவருடைய உழைப்பும் போகும்.

பதிவு முடிந்தபின் என்ன வேலை?

பட்டா, வீட்டு வரி, குடிநீர் இணைப்பு, மின் இணைப்பு நான்கையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். உட்பிரிவு தேவைப்படாத பட்டா பதிவோடு தானாகவே மாறும், கூட்டுப் பட்டாவானால் மனுச் செய்து நில அளவையர் வர வேண்டும். அசல் பத்திரம் வங்கிக்குப் போவதால் எல்லாப் பக்கத்தையும் நகல் எடுத்து, என்னென்ன ஆவணம் கொடுத்தீர்கள் என்ற பட்டியலில் வங்கி முத்திரை வாங்குங்கள். கடன் முடிந்த 30 நாட்களுக்குள் அவற்றைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு.

10 லட்சம் கடனின் முதல் தவணையான 8,997-இல் 7,500 வட்டிக்கே போகிறது. ஆகவே தொடக்க வருடங்களில் கூடுதலாகக் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் அசலைக் குறைக்கும். வருடம் ஒரு தவணை சேர்த்துக் கட்டினால் 20 வருடக் கடன் மூன்று வருடத்துக்கு மேல் முன்னதாகவே முடியும். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டிக் கட்டுவதற்குத் தனிநபரிடம் அபராதம் வாங்கக் கூடாது.

தவணை கட்ட முடியாமல் போனால்?

முதல் தவணை தவறும் முன்பே வங்கிக்குப் போய் எழுத்தில் கொடுங்கள். 90 நாள் நிலுவையானால் வாராக் கடனாகிவிடும், அதன் பிறகு 60 நாள் நோட்டீஸ் வரும். அந்தக் கடிதத்தை வாங்காமல் திருப்பி அனுப்புவதால் எதுவும் நிற்காது. வாங்கிப் பதில் எழுதுங்கள். அதையும் மீறி வங்கி சொத்தைக் கைப்பற்ற வந்தால், 45 நாட்களுக்குள் மதுரையில் உள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம்.

வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

தொண்டு நிறுவனம் என்று சொல்லிப் பணம் கேட்கிறார்கள். நம்பலாமா?

அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவு செய்த சான்றையும், தொண்டு நிறுவனங்களுக்கான மத்திய அரசுத் தளமான தர்பணில் பெற்ற எண்ணையும் கேளுங்கள். வக்கீல் கட்டணம், நகல் செலவு போன்றவற்றை ரசீதோடு வாங்கினால் அது நியாயம். குறிப்பிட்ட புரோக்கரிடமோ ஒரே நிதி நிறுவனத்திடமோ உங்களைத் தள்ளினால் யோசியுங்கள், அங்கே கமிஷன் ஓடலாம். "அரசு குடியிருப்பில் வீடு வாங்கித் தருகிறோம், பத்தாயிரம் கொடுங்கள்" என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய வீட்டுக்கான பயனாளி பங்குத் தொகையை வாரியத்துக்கே நேரடியாகச் செலுத்தி ரசீது வாங்க வேண்டும். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், பணம் அனுப்பிய விவரத்தோடும் வாட்ஸ்அப் செய்திகளோடும் உடனே போலீசில் புகார் எழுதிக் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள்.